பினாங்கில் குடும்பத்துக்கு ஒரு செடான் கார்: புதியதா, பழையதா? முழுமையான வழிகாட்டி

பினாங்கில் கார் வாங்கக் கிளம்பும் ஒரு குடும்பம், ஏறக்குறைய ஒரே தொகையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு விதமான செடான் கார்களின் முன்னால் நிற்க நேரிடுகிறது. ஒரு பக்கம் ஹோண்டா சிட்டி, தொயோத்தா வியோஸ், புரோட்டோன் எஸ்70 போன்ற புத்தம் புதிய கார்கள். மறுபக்கம் ஏழெட்டு ஆண்டு ஓடிய தொயோத்தா கேம்ரி, ஹோண்டா அக்கார்ட் போன்ற, அளவிலும் மதிப்பிலும் பெரிய கார்கள். விலையை மட்டும் பார்த்தால் பெரிய கார்தான் லாபம் என்று தோன்றும். ஆனால் காரின் விலை ஆண்டுதோறும் இறங்குகிறதே தவிர, அதைப் பராமரிக்கும் செலவு அதனுடன் சேர்ந்து இறங்குவதில்லை. ஒன்றரை லட்சம் ரிங்கிட் அளவில் விற்கப்பட்ட காரைப் பாதி விலைக்கு வாங்கினாலும், அதன் டயர், பிரேக், ஷாக் அப்சார்பர், சாலை வரி ஆகியவை ஒன்றரை லட்ச ரிங்கிட் காருக்கு உரியவையாகவே இருக்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதல் படி: யார் அமர்வார்கள், எங்கே நிறுத்துவீர்கள்

காரை ஓட்டுபவர் தமக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கம். குடும்பக் காருக்கு இந்த வழக்கம் பொருந்தாது. பின்னிருக்கையில் அமரப்போகிறவர்களிடமிருந்து தொடங்க வேண்டும். மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு இருக்கை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. இரண்டு குழந்தை இருக்கைகளைப் பொருத்திய பிறகு நடுவில் எஞ்சும் இடத்தில் ஒரு பெரியவர் அமர முடியுமா என்பது, சிட்டி, வியோஸ் அளவுக் கார்களையும் கேம்ரி, அக்கார்ட் அளவுக் கார்களையும் பிரித்துக் காட்டும் முதல் சோதனை. உங்கள் வீட்டுக் குழந்தை இருக்கையைக் காட்சியகத்துக்கே எடுத்துச் சென்று பொருத்திப் பாருங்கள். விற்பனை முகவர் தயங்கினாலும் கேளுங்கள்.

பாட்டியோ தாத்தாவோ உடன் இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். செடான் கார்களின் இருக்கை தாழ்வானது. முழங்கால் வலி உள்ளவர் அமர்ந்து எழும்போதுதான் கதவின் அகலமும் கூரையின் சரிவும் தெரியும். கூரை பின்பக்கம் சரிந்து இறங்கும் வடிவம் பார்வைக்கு அழகாக இருக்கும். உள்ளே நுழைபவரின் தலை அதில் இடிக்கும். பின்னிருக்கைக்குத் தனியாகக் குளிர்க்காற்று வருகிறதா என்பதையும் பாருங்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பக்கத்து நெரிசலில் மெல்ல ஊர்ந்து செல்லும்போதும், தீபாவளிக்குக் கோலாலம்பூருக்கு நான்கைந்து மணி நேரம் பயணம் செய்யும்போதும் அது பெரிய வேறுபாட்டைத் தரும்.

அடுத்தது நிறுத்துமிடம். ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங் பகுதிகளின் அடுக்குமாடி வீடுகளில் வாகன நிறுத்துமிடங்கள் குறுகலானவை. சிட்டி ஏறத்தாழ 4.55 மீட்டர் நீளம். எஸ்70 சுமார் 4.6 மீட்டர், ஹோண்டா சிவிக் 4.7 மீட்டரை நெருங்குகிறது; கேம்ரியும் அக்கார்டும் சுமார் 4.9 மீட்டர். சிட்டிக்கும் கேம்ரிக்கும் இடையிலுள்ள அந்த 35 சென்டிமீட்டர் தூணுக்கும் சுவருக்கும் நடுவில் எவ்வளவு முக்கியமானது என்பதை, வாங்கும் முன் ஓர் அளவுநாடாவை வைத்தே தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாம் படி: பணக்கணக்கு

வாடகைக் கொள்முதல் சட்டம் 1967-இல் இயற்றப்பட்டது. அதன்படி குறைந்தது 10 விழுக்காடு முன்பணம் கட்ட வேண்டும். வங்கிகள் தரும் கடன் காலம் அதிகபட்சம் 9 ஆண்டுகள். விற்பனையாளர்கள் பேச்சைத் தொடங்குவது எப்போதும் அந்த 9 ஆண்டுத் தவணையிலிருந்துதான், ஏனெனில் அதில்தான் மாதத் தொகை மிகச் சிறியதாகத் தெரியும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 70,000 ரிங்கிட் கடன், ஆண்டுக்கு 3 விழுக்காடு வட்டி. இந்த நாட்டில் பல்லாண்டுகளாகப் பழக்கத்தில் இருந்துவந்த ஃபிளாட் ரேட் முறையில், வட்டி ஒவ்வோர் ஆண்டும் முதலில் வாங்கிய முழுத் தொகையின் மீதே கணக்கிடப்படும். நீங்கள் கட்டிக் குறைத்ததை அது கணக்கில் கொள்ளாது. ஆகவே 9 ஆண்டுக்கு மொத்த வட்டி 18,900 ரிங்கிட். மாதத் தவணை ஏறத்தாழ 823 ரிங்கிட். அதே கடனை 5 ஆண்டில் கட்டினால் வட்டி 10,500 ரிங்கிட், மாதத் தவணை சுமார் 1,342 ரிங்கிட். மூன்று விழுக்காடு என்று சொல்லப்படும் இந்த 9 ஆண்டுக் கடனைக் குறையும் இருப்பின் (இன்னும் கட்டாமல் எஞ்சியிருக்கும் கடன் தொகையின்) அடிப்படையில் கணக்கிட்டால், உண்மையான வட்டி விகிதம் சுமார் 5.5 விழுக்காடு.

இதைவிட முக்கியமானது, இடையில் காரை விற்க நேர்ந்தால் என்ன நடக்கும் என்பது. ஃபிளாட் ரேட் கடன்களில் முன்கூட்டியே அடைக்கும்போது கிடைக்கும் வட்டிக் கழிவு, 78-இன் விதி எனப்படும் முறையில் கணக்கிடப்படும். அந்த முறையில் வட்டியின் பெரும்பகுதி கடனின் தொடக்க ஆண்டுகளிலேயே வசூலாகிவிடும். மேற்கண்ட 9 ஆண்டுக் கடனை 5 ஆண்டு தவறாமல் கட்டிய பிறகு அடைக்கச் சென்றால், மீதமுள்ள 48 தவணைகளின் தொகை சுமார் 39,500 ரிங்கிட். கழிவாகக் கிடைப்பது சுமார் 3,780 ரிங்கிட் மட்டுமே. அதாவது ஐந்து ஆண்டு கட்டிய பிறகும் வாங்கிய கடனில் பாதிக்கு மேல், ஏறத்தாழ 35,700 ரிங்கிட், பாக்கியிருக்கும். அந்த நேரத்தில் காரின் சந்தை மதிப்பு அதைவிடக் குறைவாக இருந்தால், காரையும் கொடுத்து, கையிலிருந்து பணத்தையும் கொடுத்தால்தான் விடுபட முடியும்.

ஆகவே கையெழுத்திடும் முன் வங்கியிடம் இரண்டு கேள்விகளை நேரடியாகக் கேளுங்கள்: வட்டி ஃபிளாட் ரேட்டா, குறையும் இருப்பின் மீதா? ஐந்தாம் ஆண்டு இறுதியில் அடைத்தால் எவ்வளவு கட்ட வேண்டும்? ஏழு ஆண்டுக் கடனின் மாதத் தவணையை ஒரு குடும்பத்தால் தாங்க முடியாவிட்டால், அந்தக் கார் அந்தக் குடும்பத்தின் வசதிக்கு மீறியது என்பதே என் உறுதியான கருத்து.

பழைய கார்களுக்கு வட்டி விகிதம் பொதுவாகக் கூடுதல். கார் பழையதாக ஆக, வங்கி தரும் கடன் காலமும் குறையும். விற்பவர் கேட்கும் விலைக்கு அல்லாமல், தான் மதிப்பிடும் விலைக்கே வங்கி கடன் கொடுக்கும் என்பதால் முன்பணம் எதிர்பார்த்ததைவிட அதிகமாகலாம்.

மூன்றாம் படி: வாங்கிய பிறகு ஆகும் செலவு

தீபகற்ப மலேசியாவில் தனியார் செடான் காரின் சாலை வரி, இயந்திரத்தின் கொள்ளளவைப் பொறுத்தது. 1,401 முதல் 1,600 சிசி வரை ஆண்டுக்கு 90 ரிங்கிட். 1,798 சிசி கொண்ட தொயோத்தா கொரோலா ஆல்டிஸுக்கு 279 ரிங்கிட் 20 காசு. 2.0 லிட்டர் கேம்ரி, அக்கார்ட் கார்களுக்கு 380 ரிங்கிட்டை ஒட்டி வரும். 2,494 சிசி கொண்ட 2.5 லிட்டர் கேம்ரிக்கு 874 ரிங்கிட். இங்கே கவனிக்கத்தக்க ஒரு விதிவிலக்கு உண்டு: 2020-இல் மலேசியாவில் அறிமுகமான பத்தாம் தலைமுறை அக்கார்ட் 1.5 லிட்டர் டர்போ இயந்திரம் கொண்டது என்பதால், அவ்வளவு பெரிய காருக்கும் 90 ரிங்கிட்தான். பெரிய கார் வேண்டும், சாலை வரி அதிகம் ஆகக் கூடாது என்பவர்கள் அதனை முதலில் பார்க்கலாம். ஆனால் டர்போ இயந்திரத்துக்கு எண்ணெய் மாற்றுவதில் கண்டிப்பு வேண்டும். முந்தைய உரிமையாளர் அதில் எப்படி இருந்தார் என்பது சர்வீஸ் புத்தகத்தில் தெரியும்.

காப்புறுதியில், இழப்பீடு கோராதவருக்கான கட்டணக் கழிவு முதலாண்டுக்குப் பின் 25 விழுக்காட்டில் தொடங்கி 30, 38.33, 45 என்று ஏறி, ஐந்தாம் ஆண்டில் 55 விழுக்காட்டை எட்டும். அந்தக் கழிவு காருக்கு அல்ல, உங்களுக்கு உரியது. பழைய காரை விற்றுப் புதியது வாங்கும்போது அதனைப் புதிய காருக்கு மாற்றிக்கொள்ள மறக்காதீர்கள். முழுக் காப்புறுதி எடுத்தாலும் வெள்ளச் சேதம் அதில் தானாக அடங்காது. அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். 2017 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பினாங்கு மக்களுக்கு அதன் தேவையை விளக்க வேண்டியதில்லை.

டயரைப் பொறுத்தவரை, சிட்டி, வியோஸ் அளவுக் கார்களில் 15, 16 அங்குலச் சக்கரங்கள் பொதுவானவை. கேம்ரி, அக்கார்ட் கார்களில் 17, 18 அங்குலம். நான்கு டயரையும் ஒன்றாக மாற்றும் நாளில் இந்த வேறுபாடு தெரியும். விற்பவரிடம் பேரம் பேசும் முன்பே, அருகிலுள்ள டயர் கடையில் அந்த அளவின் விலையைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: புதியதா, பழையதா

ஆண்டுக்கு ஓடும் தூரம் அதிகமாக இருந்து, தீவுக்கும் செபராங் பிறைக்கும் நாள்தோறும் போய்வந்து, பட்டறையில் காரை விட்டுக் காத்திருக்க நேரமில்லாத குடும்பத்துக்குப் புதிய கார் பொருந்தும். ஹோண்டாவும் தொயோத்தாவும் புரோட்டோனும் புதிய கார்களுக்கு ஐந்தாண்டு உத்தரவாதம் தருகின்றன. அந்த மன அமைதிக்கும் ஒரு விலை உண்டு, அது கொடுக்கத்தக்க விலைதான்.

மற்றவர்களுக்கு என் பரிந்துரை, புதிய சிறிய காரும் மிகப் பழைய பெரிய காரும் அல்லாத நடுவழி. நான்கைந்து ஆண்டு ஓடிய, ஒரே உரிமையாளர் கையில் இருந்த, முழு சர்வீஸ் பதிவு கொண்ட சிவிக் அல்லது கொரோலா ஆல்டிஸ், பின்னிருக்கை வசதியிலும் நெடுஞ்சாலை நிதானத்திலும் சிட்டி, வியோஸ் கார்களைவிட மேலானது. மதிப்பு மிக வேகமாகச் சரியும் முதல் ஆண்டுகளின் இழப்பை முந்தைய உரிமையாளர் ஏற்றுக்கொண்டுவிட்டார். உதிரிபாகங்களும் அவற்றைக் கழற்றி மாட்டத் தெரிந்த மெக்கானிக்குகளும் பட்டர்வொர்த் முதல் பாயான் லெப்பாஸ் வரை எளிதில் கிடைக்கிறார்கள். பத்தாண்டைக் கடந்த ஐரோப்பியச் செடான்கள் மலிவாகக் கிடைக்கும் ஈர்ப்பில் விழ வேண்டாம். அந்தக் கார்கள் நல்லவையே, ஆனால் அவற்றைப் பராமரிக்கத் தனியாக ஒரு சேமிப்பு வேண்டும்.

ஹைபிரிட் காரைப் பார்ப்பவர்கள் முதலில் பின்பக்கச் சரக்கறையைத் திறந்து பாருங்கள். மின்கலம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சிட்டியின் ஹைபிரிட் வகையில் சாதாரண வகையைவிட இடம் வெகுவாகக் குறைகிறது. பழைய ஹைபிரிட் என்றால் மின்கல உத்தரவாதம் எத்தனை ஆண்டு மிச்சம், அது அடுத்த உரிமையாளருக்கும் செல்லுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஐந்தாம் படி: புதிய கார் வாங்குவோர் கவனிக்க

ஆண்டின் முதல் மாதங்களில் பெரிய தள்ளுபடி சொன்னால், அது கடந்த ஆண்டு தயாரித்த காராக இருக்கலாம். கிரானில் (காரின் உரிமைப் பதிவுச் சான்றிதழில்) தயாரிப்பு ஆண்டும் பதிவு நாளும் தனித்தனியே இருக்கும். விற்கும்போது தயாரிப்பு ஆண்டைத்தான் பார்ப்பார்கள். பத்தாண்டு வைத்து ஓட்டப்போகிறவருக்கு இந்தத் தள்ளுபடி நல்ல வாய்ப்பு, மூன்றாண்டில் மாற்றுகிறவருக்கு அல்ல. மற்றபடி, கேட்காத துணைக்கருவிகளைப் பட்டியலில் சேர்த்திருந்தால் நீக்கச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: பழைய காரைச் சோதிக்கும் முறை

காரைப் பார்க்கும் முன் காகிதத்தைப் பாருங்கள். கிரானில் உள்ள சாசி எண்ணையும் (ஒவ்வொரு காருக்கும் தனியாக உள்ள அடையாள எண்) இயந்திர எண்ணையும் காரில் பொறிக்கப்பட்ட எண்களோடு ஒப்பிடுங்கள். எண்களைச் சுற்றித் தேய்த்த தடமோ, புதுப் பெயிண்டோ, பற்றவைத்த கோடோ இருந்தால் அங்கேயே விலகிவிடுங்கள். இரண்டு கார்களின் பாதிகளை ஒட்டி உருவாக்கிய, கெரெத்தா போத்தோங் என்று சொல்லப்படும் கார்கள் இந்த நாட்டில் புதியவை அல்ல. வங்கியின் உரிமைக் குறிப்பு இருந்தால் கடன் இன்னும் தீரவில்லை என்று பொருள், பாக்கித் தொகையை அறியுங்கள். காவல் துறையிலும் ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையிலும் பாக்கிச் சம்மன்கள் உள்ளனவா என்றும் பாருங்கள்.

சம்பூங் பாயார் என்ற பெயரில் வரும் கார்களைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியுள்ளது. ஒருவர் தாம் கட்ட முடியாத கடனை, பெயர் மாற்றாமலே இன்னொருவரைத் தொடர்ந்து கட்டச் சொல்லிக் காரைக் கொடுத்துவிடுவது இது. நம் சமூகத்தில் உறவுக்குள்ளும் நட்புக்குள்ளும் இது இயல்பாக நடக்கிறது. கட்டுவது நீங்கள், ஆனால் கடன் தீரும் வரை கார் வங்கியினுடையது, ஒப்பந்தம் பழைய உரிமையாளருடையது. அவர் காரைத் திரும்பக் கேட்டாலோ, வங்கி பறிமுதல் செய்தாலோ, விபத்தில் காப்புறுதி இழப்பீடு வந்தாலோ, உங்கள் கையில் எந்த உரிமையும் இருக்காது. வங்கியின் ஒப்புதல் இல்லாமல் காரை இப்படிக் கைமாற்றுகிறவர் சட்டச் சிக்கலுக்கும் ஆளாகலாம். எவ்வளவு நெருங்கியவர் கேட்டாலும், மாமா மகனே ஆனாலும், முறையான பெயர் மாற்றம் இல்லாத காரை ஏற்காதீர்கள்.

அடுத்து, வெள்ளக் கார். 2021 டிசம்பரில் ஷா ஆலாம், கிள்ளான் பகுதிகளில் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. மூழ்கிய கார் சுத்தம் செய்யப்பட்டு வேறு மாநிலத்தில் விற்பனைக்கு வருவது எளிது என்பதால், பினாங்கில் வாங்குகிறவரும் இதைச் சோதித்தே ஆக வேண்டும். இருக்கைப் பட்டையை முழுவதும் வெளியே இழுத்து, அதன் அடிப்பகுதியில் சேற்றுக் கறை உள்ளதா என்று பாருங்கள். உதிரிச் சக்கரத்தைத் தூக்கி அதன் பள்ளத்தில் துருவும் மண்படிவும் தேடுங்கள். முன்னிருக்கையின் அடியிலுள்ள கம்பிச் சுருள்களும் ஆணிகளும் துருப்பிடித்திருந்தால், அல்லது பழைய காரில் தரைவிரிப்பு மட்டும் புத்தம் புதிதாக இருந்தால், காரணம் கேளுங்கள். கடலோரத்தில் நின்ற காரில் அடிப்பகுதி துருப்பிடிக்கலாம். ஆனால் டாஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள மின்னிணைப்பில் பச்சை படிந்திருந்தால் அதற்குக் கடற்காற்று காரணம் அல்ல.

விபத்துக்கு உள்ளான தடத்தைக் கதவு இடைவெளிகளிலும், முன்மூடியின் கீல் ஆணிகளிலும் தேடலாம். ஆணித் தலையில் பெயிண்ட் உரிந்திருந்தால் அதை ஒருவர் கழற்றியிருக்கிறார். கண்ணாடிகளில் பொறித்த தயாரிப்புக் குறி ஒன்றில் மட்டும் மாறுபட்டால் அந்தக் கண்ணாடி மாற்றப்பட்டது. சிறு இடியைச் சரிசெய்த காரை மறுக்க வேண்டியதில்லை. சட்டகம் வளைந்த காரை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.

ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். பிரேக் மிதியின் ரப்பர், ஸ்டீயரிங் உறை, ஓட்டுநர் இருக்கையின் ஓரம் ஆகியவை தேய்ந்திருக்க, மீட்டர் ஐம்பதாயிரம் என்று காட்டினால் பொருந்தாது. உரிமையாளரின் ஒப்புதலோடு அதிகாரபூர்வ சர்வீஸ் மையத்தில் கேட்டால், கடைசியாக எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்ற பதிவு கிடைக்கும்.

சாசி எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய இன்னொரு வேலை உண்டு. தக்காத்தா நிறுவனத்தின் குறைபாடுள்ள காற்றுப்பைகள் வெடித்து மலேசியாவிலும் உயிர்கள் போயின. ஏறத்தாழ 2000-களின் தொடக்கத்திலிருந்து 2010-களின் நடுப்பகுதி வரை வெளிவந்த பல நிறுவனங்களின் கார்கள் இதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் சாசி எண்ணைக் கொடுத்தாலே அந்தக் காரில் மாற்றம் செய்யப்பட்டதா என்று தெரியும். மாற்றாமல் இருந்தால் இலவசமாக மாற்றித் தருவார்கள். பழைய அக்கார்ட், சிட்டி, சிவிக் கார்களைப் பார்ப்பவர்கள் இதைச் செய்யாமல் ஒரு ரிங்கிட்கூட முன்பணம் கொடுக்க வேண்டாம்.

ஓட்டிப் பார்க்கும் நாளில், நீங்கள் போகும் வரை இயந்திரத்தை முடுக்கக் கூடாது என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். குளிர்ந்த இயந்திரம் முடுக்கப்படும் முதல் அரை நிமிடத்தில் எழும் தட்டல் ஒலியும் நீலப் புகையும் சூடான பிறகு மறைந்துவிடும். பிரேக்கை மிதித்தபடி கியரை முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றும்போது தாமதமோ உதைப்போ வரக் கூடாது. பிறகு பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் பூலாவுக்குச் செல்லும் துன் சார்டோன் மலைச்சாலையில் நால்வரை ஏற்றிக்கொண்டு ஏறுங்கள். சிவிடி எனப்படும் படிகளற்ற தானியங்கி கியர் பெட்டி வழுக்கினால், அல்லது இரட்டைக் கிளட்ச் பெட்டி மெதுவேகத்தில் நடுங்கினால், அந்த ஏற்றத்தில் தெரிந்துவிடும். பினாங்கு பாலத்தில் ஓட்டினால், 13.5 கிலோமீட்டர் நீளத்தில் சக்கர ஒலியும் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுப்பதும் நன்கு புலப்படும். இறுதியாக, நண்பகல் வெயிலில் கார் நின்றிருக்கும்போது குளிர்சாதனம் தொடர்ந்து குளிர்கிறதா என்று பதினைந்து நிமிடமாவது பாருங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு, விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு பட்டறையில் காரைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு விற்பவர் மறுத்தால் அந்தப் பேச்சு அங்கே முடிந்தது.

ஏழாம் படி: கைமாறும் நாள்

பெயர் மாற்றத்துக்கு பி5 சோதனையும், கடன் எடுத்து வாங்கினால் பி7 சோதனையும் தேவைப்படும். புஸ்பாகோம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட வாகனச் சோதனை மையத்தில் இவை நடக்கும். பி5-இல் தேறியது என்று விற்பவர் பெருமையாகச் சொல்லலாம். அது காரின் அடையாளத்தையும் சட்டத் தகுதியையும் பார்க்கும் சோதனை, இயந்திரத்தின் ஆயுளுக்கு உத்தரவாதம் அல்ல.

வியாபாரி வாய்மொழியாகச் சொன்ன ஒவ்வொரு வாக்கையும், உத்தரவாதம், டயர் மாற்றித் தருவது, இரண்டாவது சாவி உட்பட, விற்பனைப் படிவத்திலேயே எழுதச் சொல்லுங்கள். முன்பணம் எந்தச் சூழ்நிலையில் திரும்பக் கிடைக்கும் என்பதும் அதில் இருக்க வேண்டும். குறிப்பாக, வங்கி கடன் மறுத்தால். வாக்கு மீறப்பட்டால் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இல்லாமலே முறையிடலாம், ஆனால் எழுத்தில் உள்ளதை நிலைநாட்டுவது எளிது. முறையிடத் தெரியாதவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் உதவியை நாடலாம்.

காப்புறுதி உங்கள் பெயரில் தொடங்காமல் காரைச் சாலையில் இறக்காதீர்கள். எடுத்த முதல் வாரத்திலேயே இயந்திர எண்ணெய், கியர் எண்ணெய், பிரேக் திரவம், குளிர்நீர் ஆகியவற்றை மாற்றி, டயர் ஓரத்திலுள்ள நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஆறு ஆண்டைத் தாண்டிய டயராக இருந்தால், டயர்ப் பூக்கள் (பள்ளக் கோடுகள்) ஆழமாகத் தெரிந்தாலும், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போகும் முன் மாற்றிவிடுங்கள்.